பல்லவரும் சாளுக்கியரும் இழுத்த கயிறு

மூன்று வாரமாக ஆதிகேசவனின் கால்கள் சும்மா இருக்க மறுத்தன. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். அது எழுந்ததும் இடது கால் அழுத்தும். இல்லாத தறிக்கு மிதி போட்டுக்கொண்டிருந்தான். கடைக்கார முருகேசன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெஞ்சுக்கு அடியில் தையல் மிஷின் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சிரிக்கவைக்கத்தான் செய்தார். ஆதிகேசவன் சிரிக்கவில்லை. பாதி டம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அங்கே தறி காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் மறுபடி தெருவுக்கு வந்தான். தெருவையும் பார்க்கப் பொறுக்கவில்லை.

தறிக்கு மேலே உத்தரத்திலிருந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை தொங்கியது. அதற்குள் பட்டுப் பாவு, புடவையில் நீளவாக்கில் ஓடவேண்டிய இழைகள். அரக்கு நிறம். மூன்று புடவைக்கானது. அதில் முதல் புடவை அவன் மகள் தேவகியின் கூறை. ஆவணிக் கடைசியில் முகூர்த்தம். ஊர் உலகத்துக் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் நெய்து கொடுத்தவன், தன் பெண்ணின் கூறையைத் தன் கையாலேயே நெய்வதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லியிருந்தான். லேசாகச் சொல்லவில்லை. அவர்கள் கேட்காதபோதே சொன்னான். வெற்றிலை மடித்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாக.

பட்டுப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை தெருவில் நீட்டியாக வேண்டும். வீட்டுக்குள் செய்ய வீடு போதாது. ஒரு குடும்பமாகச் செய்ய ஆள் போதாது. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், ஆடிக்காற்று கண் விழிக்குமுன், இந்த முனையில் நாலு பேர், அந்த முனையில் நாலு பேர், நடுவில் பெண்கள் என்று நின்று, கஞ்சித் தண்ணீர் தெளித்து, இழை இழையாகப் பிரித்துப் பார்த்து, அறுந்ததை முடிந்து, சுற்றி எடுப்பார்கள். எங்கேயாவது ஓர் இழை அறுந்தால், கண்டவள் "இழை" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் கேட்டதும் இரண்டு முனையும் அப்படியே நிற்கும். இழுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தால் அது தானாகக் கிளம்பும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். முடிச்சுப் போட்டவள் "போ" என்றதும் இரு முனையும் ஒரு சாண் தளர்ந்து, மறுபடி மெல்ல விறைக்கும். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. அந்தத் தெருவில் பிறந்த குழந்தை, நடை பழகும்போதே "இழை" என்றால் நின்றுவிடும்.

பாவு கட்டுவதற்குத் தெருவில் இரண்டே கல். கிழக்கு முனைக் கல் வடசிறகில், அதாவது வடக்கு வரிசை வீடுகளில், ஆதிகேசவன் வாசலில். மேற்கு முனைக் கல் தென்சிறகில், சிட்டிபாபு வாசலில். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் கிழக்கு முனையை ஆதிகேசவனும் மேற்கு முனையை சிட்டிபாபுவும் பிடிப்பது இருபது வருஷத்துப் பழக்கம். இருவரும் வாயால் பேசிக்கொண்டதைவிடப் பாவு வழியாகத் தெரிந்துகொண்டது அதிகம். முந்தின நாள் ஆதிகேசவனுக்கு ஜுரம் அடித்திருந்தால், அது மேற்கே நிற்கிற சிட்டிபாபுவின் கைக்குத் தெரிந்துவிடும்.

அந்த இரண்டு கல்லுக்கும் நடுவே பாவு ஓடி மூன்று வாரம் ஆகியிருந்தது. காரணம், ஒரு கயிறு.

கயிற்றைக் கொண்டுவந்தவர் கலியாணசுந்தரம். தெருவின் நெசவாளர் நல மன்றத்துக்கு அவர்தான் தலைவர். நகராட்சித் தேர்தலில் இரண்டு தடவை நின்று, மூன்றாவது தடவைக்காக உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தார். நாலு வீடு தள்ளியிருக்கும் மன்றத்துக்கு ரிக்‌ஷாவில் போவார். வீட்டில் காபி கேட்பதுகூட மேடைத் தமிழில்தான். ஏதோ வேலையாகச் சென்னைக்குப் போனவர், மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு விளையாட்டு மைதானத்தின் கூரைக்குக் கீழே நின்றிருக்கிறார். உள்ளே யாரோ பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர் தத்துவத்தோடு திரும்பினார்.

மன்றத்தில் கூட்டம் போட்டுப் பேசினார். நெசவாளன் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறானாம். அதனால் அவனுக்கு ஒற்றுமை உணர்ச்சி வளரவில்லையாம். தோளோடு தோள் சேர்ந்து, தோல்வியிலும் தோழமை காணுகிற பண்பு, குழு விளையாட்டில் மட்டும்தான் விளையுமாம். வெள்ளைக்காரன் நாடு பிடித்ததே விளையாட்டு மைதானத்தில்தானாம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அன்று விடியற்காலையில்தான் எட்டுப் பேராகச் சேர்ந்து ஒரு பாவை நீட்டிவிட்டு வந்திருந்தார்கள். அது விளையாட்டு இல்லை என்பதால் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

கால்பந்துக்கு மைதானம் வேண்டும். கைப்பந்துக்கு வலை வேண்டும். கயிறு இழுப்பதற்குக் கயிறு போதும், நீளமான தெரு ஏற்கெனவே இருக்கிறது. வாலாஜாபாத் சந்தையிலிருந்து கை மொத்தத்தில் ஒரு தென்னங்கயிறு வந்து இறங்கியது. சுதந்திர தினத்தன்று இறுதிப் போட்டி. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வருவார். கோப்பை உண்டு.

அணி பிரிப்பதில்தான் தலைவர் தம் சரித்திர அறிவைக் காட்டினார். வடசிறகு பல்லவர் அணி. தென்சிறகு சாளுக்கியர் அணி. அதுவரை வடசிறகு, தென்சிறகு என்பது தபால்காரருக்கு மட்டும் தேவைப்பட்ட சங்கதி.

சிட்டிபாபு எழுந்தான். அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தெருவில் நின்றால் இந்த ஊர்த் தமிழைத் தவிர வேறு வராது. "நாங்க எதுக்கு தலைவரே சாளுக்கியரு? ஊரைப் புடிக்க வந்தவனா நானு? நாலு தலைமுறையா இங்கதான் நெய்யிறோம்."

எதிரி என்று ஒருவர் இருந்தால்தான் விளையாட்டு சுவைக்கும், இதைப் பெருந்தன்மையோடு ஏற்பதுதான் வீரம் என்று தலைவர் விளக்கினார். அப்படியானால் அந்த வீரத்தை வடசிறகுக்கே கொடுத்துவிடலாம் என்றான் சிட்டிபாபு. வடசிறகு ஆட்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சாக எழுந்து நின்று மறுத்தார்கள். ஆதிகேசவனும் எழுந்தான். எதற்கு எழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பக்கத்திலிருந்தவன் எழுந்தான், இவனும் எழுந்தான். அரை மணி நேரத்தில் தெருவில் இரண்டு ஊர் உண்டாகிவிட்டது. தலைவர் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றுமை உணர்ச்சி வளர ஆரம்பித்துவிட்டது.

ஆடி பிறந்த முதல் ஞாயிறு மாலை, ஒத்திகை. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் அந்தோணி விசிலோடு வந்தார். ஊருக்குப் புதியவர். விளையாட்டால் உடம்பு தேறும் என்று முப்பது வருஷமாகப் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லி, அவர் கணக்கில் சேர்ந்ததெல்லாம் மூட்டு விலகிய தோள்களும் அழுதுகொண்டு வந்த தாய்மார்களும்தான். அதனால் எதையும் ஆர்வமில்லாமல், ஒழுங்காகச் செய்வார்.

பல்லவர் அணியில் கடைசி ஆளாக ஆதிகேசவன். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிற இடம். எதிர் முனையில் அதே இடத்தில் சிட்டிபாபு. வேறு யாரை நிறுத்துவார்கள்? இருபது வருஷமாக முனை பிடிக்கிறவர்கள் அவர்கள்தானே. முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பெண்கள் சிரித்தார்கள். சிட்டிபாபு எதிரே இருந்து, பாத்துப்பா, இடுப்பு புடிச்சிக்கப்போவுது என்று கத்தினான். விசில் ஊதியது.

சாளுக்கியர் பக்கம் பலம் அதிகம். பல்லவர் சறுக்கிக்கொண்டே வந்தார்கள். ஆதிகேசவனின் குதிகால் புழுதியில் பிடிப்புத் தேடித் துழாவியது. அப்போது வலது காலுக்கு ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. தெருக்குழாய்க்குக் கட்டியிருந்த சிமெண்டு மேடை. கால் அங்கே போய் உட்கார்ந்தது. அவன் வைத்தான் என்று சொல்ல முடியாது. எடுக்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். சறுக்கல் நின்றது. மேடையில் முட்டுக் கொடுத்து அவன் சாய்ந்தான். கயிற்றின் நடுவில் கட்டியிருந்த கைக்குட்டை நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. பல்லவர் வென்றார்கள். பின்னால் இருப்பவனை யாரும் பார்க்கவில்லை. அந்தோணி மாஸ்டர் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்காதவன்தான் கண்டுபிடித்தான். கயிற்றைக் கீழே போட்ட கையோடு சிட்டிபாபு நேராக வந்து நின்றான். "முட்டு குடுத்துட்டேபா நீ."

"இல்ல."

"கயிறு சொல்லிச்சி. மனுசன் புடிச்சிக்கினு இருந்தா கயிறு மூச்சு விட்டுக்கினு இருக்கும். சட்டுனு கல்லா ஆயிப்போச்சு."

ஆதிகேசவனைச் சுற்றி ஏழு பல்லவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் அவன் தோளில் கை போட்டிருந்தான். இன்னொருவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். அவ்வளவு பேர் ஒரே சமயத்தில் அவனைத் தொட்டது அவன் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றுதான். "வெக்கல," என்றான்.

தனி ஆளாக இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டிருப்பான். அவன் இப்போது தனி ஆள் இல்லை, அணி.

மறுநாள் விடியற்காலையில் நீட்டவேண்டிய ஒரு பாவு நீளவில்லை. தென்சிறகு ஆட்கள் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். மேற்குக் கல்லின் மேல் சிட்டிபாபு ஈரத்துண்டைக் காயப் போட்டிருந்தான். வடசிறகு ஆட்கள் கிழக்குக் கல்லைச் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள். கல் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன. யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் தோற்றதாக ஆகுமாம்.

அப்புறம் எல்லாம் ஒன்றின்பின் ஒன்றாக வந்தது. தென்சிறகுப் பெண்கள் அந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பதை நிறுத்தி, அடுத்த தெருவுக்குக் குடம் சுமந்தார்கள். சிட்டிபாபுவின் மனைவி கங்கையம்மாள், தேவகியின் கல்யாணத்துக்குச் சீர்முறுக்கு சுற்றித் தருவதாகச் சொன்னவள், ஆதிகேசவனின் மனைவி காந்தாவைக் கண்டால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். சாயங்காலம் ஆனால் வடசிறகு ஒரு பக்கம், தென்சிறகு ஒரு பக்கம் பழைய கிணற்றுக்கயிற்றைக் கட்டிக்கொண்டு மரத்தை இழுத்தார்கள். தென்னங்கயிறு உள்ளங்கையைக் கொப்பளமாக்கியது. கொப்பளம் உடைந்து தோல் சொரசொரத்தது. அந்தக் கையோடு தறியில் உட்கார்ந்தால் பட்டு இழை கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தறியில் ஏற்கெனவே ஏறியிருந்த பாவும் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, தெருவில் தறிச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. தலைவர் ரிக்‌ஷாவில் ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, முன்னெல்லாம் தறிச் சத்தத்தில் மனிதர் குரலே கேட்காது, இப்போது தெருவே கலகலப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆதிகேசவன் பாவு மூட்டையைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நாள் உட்கார முடியும்? பக்கத்துத் தெருவில் போய்க் கேட்டான். அவர்கள் பாவுகளே வரிசையில் நின்றன. தவிரவும், பல்லவருக்கு எங்கள் தெருவில் என்ன வேலை என்று ஒருவன் கேலி செய்தான். கடைசியில் ஒரு விடியற்காலையில் வடசிறகு ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு, மேற்குக் கல்லுக்குப் பதில் ஒரு மாட்டுவண்டியின் சக்கரத்தில் கட்டி நீட்டப் பார்த்தான். பாவு விரிந்தது. காந்தாவும் தேவகியும் நடுவில் நின்றார்கள். மெல்ல இழுங்கபா என்று சொல்லித்தான் ஆரம்பித்தான்.

முனை பிடித்த நாலு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் இரண்டு வாரமாகச் சாயங்காலம்தோறும் 'இழு' என்ற சொல்லுக்கு அவர்கள் உடம்பு ஒரே அர்த்தத்தைக் கற்றிருந்தது. குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து, மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். காந்தா "இழை" என்றாள். மறுபடி "இழை" என்றாள். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒரு பிடி இழை அறுந்து, அரக்கு நிறத்தில் தொங்கியது.

சுருட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தாயும் மகளும் ஒரு வாரம் உட்கார்ந்து முடிந்தார்கள். தேவகி தலை நிமிராமல் ஒன்று சொன்னாள்: "கடையிலியே ஒண்ணு எடுத்துக்கலாம்பா. யாரு கண்டாங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். அப்பாவைச் சிரமப்படுத்த வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆதிகேசவன் எழுந்து வெளியே போனான், தெருவின் பாதிவரை போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். காந்தா வாசலில் நின்று இதைப் பார்த்தாள். "இன்னும் பத்து எட்டு வெச்சா சிட்டி அண்ணன் வூடு. உங்க காலு எங்க எங்கியோ போவுது, அங்க மட்டும் போவ மாட்டேங்குது," என்றாள்.

சிட்டிபாபுவை அவன் டீக்கடையில்தான் பிடித்தான். பிடித்தான் என்பதைவிட, இருவருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்தது. பெண்ணின் கல்யாணத்தைச் சொன்னான். பாவு அறுந்ததைச் சொன்னான். சிட்டிபாபு டம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டான்.

"வெச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே வந்து நிக்கிறேன். தேவகிய நானு தூக்கி வளத்திருக்கேன், எனக்கு இல்லாத அக்கறையா?"

ஆதிகேசவன் வாயைத் திறந்தான். பின்னால் பெஞ்சு முனகியது. மூன்று பல்லவர்கள் அங்கே உட்கார்ந்து டீ குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அவன் முதுகில் அவர்கள் காது இருந்தது. வலது கால் தரையை மிதித்தது. இடது கால் மிதித்தது.

"வெக்காததை எப்பிடிபா வெச்சேன்னு சொல்றது?"

"அப்ப பதினஞ்சாம் தேதி பாத்துக்கலாம்," என்றான் சிட்டிபாபு.

பதினைந்தாம் தேதி வந்தது. கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, தெரு முழுக்கக் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். சென்னை அதிகாரி கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து, நாற்காலியிலிருந்தபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பை ஒரு மேஜை மேல் வெயிலில் மின்னியது. தலைவர் கையில் மைக். சாளுக்கியர் கேட்டுக்கொண்டபடி, மேடைக்குக் கால் எட்டாமல் நடுக்கோட்டை மேற்கே தள்ளிப் போட்டிருந்தார்கள். இருந்தும் நம்பாமல் குழாய்மேடையைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

காலையிலிருந்து ஆதிகேசவனுக்கு ஒரே எண்ணம். ஜெயித்தால் சிட்டிபாபு வரமாட்டான். தோற்றால் ஒருவேளை வருவான். ஆனால் தோற்க வைத்தவனை வடசிறகு சும்மா விடாது. எப்படிப் பார்த்தாலும் பாவு மூட்டை உத்தரத்திலேயே தொங்கியது. ஆவணி பிறக்க இரண்டு நாள் இருந்தது. கயிற்றை இடுப்பில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். பயத்தால் இல்லை, எதையாவது செய்தால் தேவலை என்கிற தவிப்பு.

அந்தோணி மாஸ்டர் விசில் ஊதினார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பதினாறு பேர் பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். கைக்குட்டை இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் என்று ஆடியது. பெண்கள் கத்தினார்கள், கங்கையம்மாள் முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் கத்தினாள். தலைவர் மைக்கில், "காணீர், கண் கொள்ளாக் காட்சி, ஒற்றுமையின் உருவகம், தோளோடு தோள்," என்று ஓட்டிக்கொண்டிருந்தார். காந்தா கயிற்றின் நடுப்பக்கம் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றிருந்தாள். அவள் கத்தவில்லை. பழக்கதோஷத்தில் அவள் கண் கயிற்றின்மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு.

கைக்குட்டைக்குப் பக்கத்தில் கயிற்றின் ஒரு புரி பட்டென்று விட்டது.

"இழை," என்றாள் காந்தா.

பதினாறு பேரும் நின்றுவிட்டார்கள்.

பின்னால் சாய்ந்தவர்கள் சாய்ந்தபடி, வாய் பிளந்தவர்கள் பிளந்தபடி. கயிறு முன்பிருந்த விறைப்பில் அப்படியே நின்றது. இழுக்கவும் இல்லை, தளரவும் இல்லை. கத்திக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடினார்கள். குழந்தைகள் நின்றன. மைக்கில் "தோளோடு" என்று வந்த குரலும் அங்கேயே நின்றது. தலைவரும் அந்தத் தெருவில் பிறந்தவர்தான். ஒரு கை மேலே தூக்கியபடி, அடுத்த 'தோள்' வெளியே வராமல் நின்றார்.

வெளியூர்க்காரர்கள் இருவர்தான் அசைந்தார்கள். அந்தோணி மாஸ்டர் விசிலை ஊதினார். இன்னொரு தடவை ஊதினார். விசிலில்தான் கோளாறோ என்று எடுத்துப் பார்த்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன நடக்கிறது என்று யாரையாவது கேட்கத் திரும்பினார். கேட்பதற்கு அசையும் ஆள் கிடைக்கவில்லை.

காந்தா போய்க் கயிற்றுக்கு முன்னால் குந்தினாள். எதிரில் கங்கையம்மாள் வந்து குந்தினாள். பாவு நீட்டும்போது அந்தப் பக்கம் அவள் இடம், அழைக்க வேண்டியதில்லை. அறுந்த புரியின் இரண்டு தலையையும் பிரித்து, எச்சில் தொட்டு முறுக்கி, ஒருத்தி பிடிக்க ஒருத்தி முடிந்தாள். தென்னைநார் பட்டு மாதிரி வளையவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆதிகேசவனின் புருவத்திலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. கயிற்றின் வழியாக எதிர் முனை அவனுக்குத் தெரிந்தது: சிட்டிபாபுவின் இடது தோளில் வலி இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் பிடி பத்திரமாக இருக்கிறது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவனைப் பற்றி ஏதோ தெரிந்தது.

"போ," என்றாள் காந்தா.

இரண்டு முனையும் ஒரு சாண் தளர்ந்தன. தளர்ந்த பிறகுதான் இந்த எட்டுப் பேருக்கும் அந்த எட்டுப் பேருக்கும் தாம் எங்கே நிற்கிறோம் என்று ஞாபகம் வந்தது. கயிறு நடுவில் தொய்ந்து புழுதியைத் தொட்டது. கைக்குட்டை கோட்டின் மேலேயே கிடந்தது.

நீங்கதான் மொதல்ல வுட்டீங்க என்று ஒரு சாளுக்கியன் ஆரம்பித்தான். நீங்கதான் என்றான் ஒரு பல்லவன். சத்தம் எழுந்தது. அதற்குள் தலைவருக்குத் தொண்டை திரும்பிவிட்டது. இது வெற்றிக்கும் தோல்விக்கும் அப்பாற்பட்ட விளையாட்டு வீர உணர்வு, தாம் இந்தத் தெருவில் விதைத்த விதை இன்று அதிகாரியின் கண்முன்னே முளைத்திருக்கிறது என்று முழங்கினார். யார் வென்றது என்று அதிகாரி கேட்டதற்கு, தீபாவளிக்கு மறு போட்டி, அதுவரை கோப்பை பாதுகாப்பாகத் தம் வீட்டில் இருக்கும் என்று அறிவித்தார். கோப்பை ரிக்‌ஷாவில் ஏறியது.

காந்தா மேற்கு முனைக்கு நடந்து போனாள். தென்சிறகு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "அண்ணே, நாளைக்கு விடியல்ல தேவகி பாவு நீட்டறோம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். சிட்டிபாபு தோளைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

விடிவதற்கு முன்பே ஆதிகேசவன் கல்லின் பக்கத்தில் நின்றான். மூட்டையைத் தூக்கி வந்தான். கீழே வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தான். வடசிறகில் மூன்று பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார்கள். மேற்கே இருட்டாக இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று இரண்டு எட்டு வைத்தான். திரும்பினான். மறுபடி வைத்தான். இருட்டிலிருந்து ஈரத்துண்டை உதறும் சத்தம் வந்தது.

"கொண்டாபா முனைய. காத்து எழுந்துக்கப் போவுது," என்றது சிட்டிபாபுவின் குரல். அவனுக்குப் பின்னால் தென்சிறகு ஆட்கள் மூன்று பேர்.

பாவு விரிந்தது. காந்தா ஒரு பக்கம், கங்கையம்மாள் ஒரு பக்கம். கஞ்சித் தண்ணீர் தெளித்தார்கள். அரக்கு நிறம் வெளுக்கிற வானத்தில் மெல்லத் தெரிய ஆரம்பித்தது. கொப்பளக் கைகள் முனைக் கோலை மட்டும் பிடித்தன. இழையைத் தொடாமல் பார்த்துக்கொண்டன. சமாதானம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எட்டுப் பேரும் சண்டை போட்டுக்கொண்டேதான் நின்றார்கள். யார் முதலில் விட்டது, கோடு யார் பக்கம் சாய்வு, தீபாவளிக்கு என்ன ஆகும் பார், எல்லாம் வந்தது. எச்சில் தெறிக்கும், மூச்சு படும் என்பதால் தணிந்த குரலில், மரியாதையாகத் திட்டிக்கொண்டார்கள். வாய் ஒரு வேலை செய்தது, கை ஒரு வேலை செய்தது.

பாதிப் பாவு சரிபார்த்தாகிவிட்டது. சிட்டிபாபு கிழக்கே பார்த்துக் குரல் கொடுத்தான். "இப்ப சொல்லுபா. கல்லு சாட்சியா நிக்குது. மேடையில கால வெச்சியா, இல்லியா?"

முணுமுணுப்பு அடங்கியது. ஆதிகேசவனுக்கு இடப்பக்கம் இரண்டு பல்லவர்கள், வலப்பக்கம் ஒருவன். எதிரே, மகளின் கூறை மொத்தமும் சிட்டிபாபுவின் கையில். கோபத்தில் முனையை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் போதும். உண்மையைச் சொன்னால் வெட்டுவானா, பொய்யைச் சொன்னால் வெட்டுவானா என்று அவன் கணக்குப் போட்டான். போட்டு முடிப்பதற்குள் வாய் திறந்துகொண்டது.

"வெக்கல," என்றான்.

அதே சமயம் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தியது. அவனைக் கேட்காமல் அழுத்தியது. அந்த அசைவு இடுப்புக்கு ஏறி, தோளுக்கு ஏறி, கையில் இறங்கி, பாவின் நீளம் முழுக்க ஒரு நடுக்கமாக ஓடி மேற்கே போய்ச் சேர்ந்தது.

"இழை," என்றாள் கங்கையம்மாள்.

எல்லாரும் நின்றார்கள். ஒரே ஓர் இழை. அவள் அதன் தலையைத் தேடிக்கொண்டிருந்தாள். மேற்கு முனையில் சிட்டிபாபுவின் கன்னம் உப்பியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. சிரிப்பு வயிற்றைக் குலுக்கியது. கை மட்டும் மயிரிழைகூட அசையவில்லை. அடக்கி அடக்கி, மூக்கு வழியாகச் சொன்னான்: "போதும்பா. கேட்டுக்கினேன்."

வடசிறகு ஆட்கள் முதலில் சிட்டிபாபுவைப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கீழே குனிந்து ஆதிகேசவனின் வலது காலைப் பார்த்தார்கள். நடுவிலிருந்து காந்தாவும் பார்த்தாள். தலைவருடைய ரிக்‌ஷா தெருமுனையில் வந்து, பாவு குறுக்கே இருந்ததால் அங்கேயே நின்றது. அவரும் எட்டிப் பார்த்தார்.

"கால அடக்கிக்கினு நில்லுங்க," என்றாள் காந்தா.

மூன்று வாரத்துக்கு அப்புறம் அந்தக் கால் முதல் தடவையாக அசையாமல் நின்றது. கங்கையம்மாள் முடிச்சைப் போட்டு, விரலால் நீவி, இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தாள். உடனே சொல்லவில்லை. கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டுவைத்து, அப்புறம்தான் "போ" என்றாள்.